கேள்விப்பட்டதைச் சோதித்தறிய மாணவர்களைப் பழக்குதல்: ஆசிரியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்கு நான் அறிவியல் கற்பிக்கிறேன். வீட்டிலும் சந்தையிலும் கைப்பேசியிலும் கேட்கும் செய்திகளை மாணவர்களே சோதித்துப் பார்க்கும் பயிற்சியைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் புதிய ஆசிரியர்கள் சிலர் இதே பயிற்சியை நடத்தியபோது உடனிருந்தும் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் இடறிய இடம் ஒன்றுதான். சோதனையை முதலில் செய்துவிட்டு, எதைச் சோதித்தோம் என்பதைப் பிறகு முடிவு செய்தார்கள். அப்படிச் செய்தால் எந்த விளைவு வந்தாலும் அது ஏற்கெனவே நம்பியதற்குப் பொருந்திப்போகும்; மாணவர் எதையும் கற்றிருக்க மாட்டார். ஆகவே கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

விளக்கத்துக்காக ஒரே கூற்றைத் தொடக்கம் முதல் எடுத்துச் செல்கிறேன்: “மாம்பழத்தைத் தண்ணீரில் போட்டுப் பார்; மிதந்தால் கல் வைத்துப் பழுக்க வைத்தது, மூழ்கினால் இயற்கையாகப் பழுத்தது.” இங்கே கல் என்பது கால்சியம் கார்பைடு. ஒவ்வொரு மாம்பழப் பருவத்திலும் இந்தச் செய்தி கைப்பேசிகளில் வலம்வருகிறது. கிருஷ்ணகிரிப் பக்கம் பல மாணவர்களின் வீட்டிலேயே மாந்தோப்பு உண்டு என்பதால் இதைவிடப் பொருத்தமான தொடக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

1. முன்கூட்டியே தேவையானவை

ஆய்வகம் தேவையில்லை. மூன்று பாடவேளைகள், இடையில் ஒரு வார இடைவெளி, ஆளுக்கொரு நோட்டு, ஒரு அகலமான பாத்திரம், மூடியிட்ட ஓர் அட்டைப்பெட்டி ஆகியவை போதும். ஒரு வார இடைவெளி ஏனென்றால், கூற்றை எழுதிய நாளிலேயே சோதனையை நடத்தினால் மாணவர்கள் எழுதுவதை அவசரமாக முடித்துவிட்டுப் பாத்திரத்தைச் சுற்றிக் கூடிவிடுவார்கள்.

மாம்பழங்களுக்கு மட்டும் ஏற்பாடு முன்பே தொடங்க வேண்டும். தோப்புள்ள இரண்டு மூன்று குடும்பங்களிடம் ஏப்ரல் மாதத்திலேயே பேசிவைத்தால்தான் ஜூனில் பள்ளி திறக்கும்போது கிளிமூக்கு எனப்படும் பெங்களூரா பழங்கள் கைக்கு வரும். 12 காய்கள் நன்கு விளைந்த பிறகும், 12 காய்கள் விளைவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னதாகவும் பறிக்கப்பட்டு, இரண்டு தொகுதிகளும் வீட்டிலேயே வைக்கோலில் பழுக்க வைக்கப்பட வேண்டும். எல்லாம் ஒரே ரகமாக இருக்கட்டும். செந்தூராவையும் பெங்களூராவையும் கலந்தால், மிதந்ததற்குக் காரணம் ரகமா விளைச்சலா (காய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதா) என்று பிரித்தறிய முடியாது.

கால்சியம் கார்பைடு கல்லை எந்தக் காரணத்துக்காகவும் வகுப்புக்குக் கொண்டுவரக் கூடாது. ஈரம் பட்டால் அது எளிதில் தீப்பற்றும் அசிட்டிலீன் வாயுவை வெளியிடும். தொழிற்சாலைப் பயன்பாட்டுக் கல்லில் ஆர்செனிக், பாஸ்பரஸ் கலப்பும் இருக்கக்கூடும். அதைக்கொண்டு பழுக்க வைப்பதைச் சட்டமும் தடை செய்துள்ளது. கல் இல்லாமலேயே இந்தக் கூற்றைச் சோதிக்கலாம் என்பதை மூன்றாம் படியில் காட்டுகிறேன்.

2. கூற்றைத் தேர்ந்தெடுத்தல்

மாணவர்கள் பாதியாவது நம்புகிற கூற்றாக அது இருக்க வேண்டும். யாருமே நம்பாத ஒன்றைச் சோதித்தால் அது நேரப்போக்காக முடியும். கையில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு சில நாள்களுக்குள் விடை காணக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

முதல் ஆண்டில் சாதி, கட்சி, வழிபாடு சார்ந்த கூற்றுகளையும், வகுப்பில் ஒரு குழந்தையின் வீட்டுப் பிழைப்பைத் தொடும் கூற்றுகளையும் தவிர்த்துவிடுங்கள். உள்ளங்கையில் தேங்காயை வைத்து ஆழ்துளைக் கிணற்றுக்கு நீரோட்டம் பார்ப்பது நம் இரு மாவட்டங்களிலும் பரவலான வழக்கம். சோதிக்கத் தக்க நல்ல கூற்றுதான். ஆனால் நீரோட்டம் பார்ப்பவரின் மகனோ மகளோ அந்த வகுப்பில் அமர்ந்திருந்தால் அதை எடுக்கக் கூடாது. அந்தக் குழந்தைக்கு அது சான்றுகளைப் பற்றிய பாடமாக இராது, தன் தந்தையைப் பற்றிய தீர்ப்பாகத்தான் இருக்கும்.

இங்கே ஆசிரியர்கள் செய்யும் பெரும்பிழை, பொய் என்று தாங்கள் முன்பே அறிந்த கூற்றுகளை மட்டும் வரிசையாக எடுப்பது. மூன்று முறை அப்படி நடந்தால், பெரியவர்கள் சொல்வதெல்லாம் பொய் என்ற புதிய மூடநம்பிக்கையை மாணவர்கள் கற்றுக்கொள்வார்கள். ஆகவே இரண்டு கூற்றுகளில் ஒன்றாவது உண்மையென நிற்கக்கூடியதாக இருக்கட்டும். “பழுத்த வாழைப்பழத்தோடு மாங்காயை மூடிவைத்தால் விரைவில் பழுக்கும்” என்று பாட்டிமார் சொல்வதை மாங்காய்ப் பருவத்திலேயே சோதிக்கலாம். பழுத்த பழம் எத்திலீன் வாயுவை வெளியிடுகிறது, அது அருகிலுள்ள காயைப் பழுக்கத் தூண்டுகிறது. சோதனையில் கூற்று நிற்கும்.

3. கூற்றைத் தோற்கக்கூடிய வாக்கியமாக எழுதுதல்

இந்தப் படிக்கு ஒரு முழுப் பாடவேளையை ஒதுக்குங்கள். பயிற்சியின் பாதி உழைப்பு இங்கேதான் இருக்கிறது.

எடுத்துக்கொண்ட செய்தியைக் கரும்பலகையில் அப்படியே எழுதி, “இதற்குள் எத்தனை வாக்கியங்கள் இருக்கின்றன?” என்று கேளுங்கள். மாம்பழச் செய்தியில் இரண்டு இருக்கின்றன: ஒன்று, கல் வைத்த பழம் மிதக்கும், மற்றொன்று, கல் வைக்காத பழம் மூழ்கும். இரண்டும் ஒன்றல்ல என்பதை மாணவர்கள் உணர நேரம் ஆகும், காத்திருங்கள். இரண்டாவது வாக்கியத்தைத் தனியே எடுத்துப் பார்த்தால், கல் வைக்காத பழம் ஒன்று மிதந்தாலே “மிதந்தால் கல் வைத்தது” என்ற முடிவு உடைந்துவிடும் என்பது தெரியவரும். கல்லைத் தொடாமலே சோதனை நடத்த வழி பிறப்பது இங்கேதான்.

அடுத்ததாக, எந்த விளைவு வந்தாலும் தப்பித்துக்கொள்ளும் சொற்களை அடிக்கோடிடச் சொல்லுங்கள். “பெரும்பாலும்”, “சில நேரம்”, “உடம்புக்கு நல்லது”, “சக்தி கூடும்” போன்றவை அப்படிப்பட்டவை. “உடம்புக்கு நல்லது” என்றால் எது குறையும், எது கூடும், எத்தனை நாளில் என்று கேட்டு, அளக்கக்கூடிய சொல் கிடைக்கும்வரை வாக்கியத்தைத் திருத்த வேண்டும். “மிதத்தல்” என்ற எளிய சொல்லுக்குக்கூட எல்லை வகுக்க வேண்டியிருந்தது: காம்புப் பக்கம் மட்டும் மேலே தெரிந்தால் அது மிதப்பதா? எங்கள் வகுப்பில், பாத்திரத்தின் அடியைத் தொடாத எந்தப் பழமும் மிதப்பதாகவே எண்ணப்படும் என்று முடிவு செய்தோம். வேறு எல்லையையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பழத்தைப் போடுவதற்கு முன் வைக்க வேண்டும்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பணிபுரியும் ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குழந்தைகள், கூற்றை முதலில் வீட்டு மொழியில் சொல்லிவிட்டுப் பிறகு தமிழில் எழுதட்டும். பாடநூல் தமிழில் மட்டும் எழுதச் சொன்னால் அவர்கள் பக்கத்து மாணவரின் வாக்கியத்தைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். அவர்கள் உண்மையில் என்ன நம்பினார்கள் என்பது நமக்குத் தெரியாமலே போகிறது.

4. பார்ப்பதற்கு முன் எழுதி, மடித்து, பெட்டியில் இடுதல்

ஒவ்வொரு மாணவரும் ஒரு துண்டுத்தாளில் இரண்டு செய்திகளை எழுத வேண்டும்: என்ன நடக்கும் என்று நான் நினைக்கிறேன், என்ன நடந்தால் என் எண்ணத்தை மாற்றிக்கொள்வேன். பெயரெழுதி மடித்து அட்டைப்பெட்டியில் போட்டுவிட வேண்டும். பெட்டி ஆசிரியரிடமே இருக்கும்.

வாய்மொழியாகக் கேட்டுக் கைதூக்கச் சொல்வது போதாது. முதல் வரிசையில் நன்றாகப் படிக்கும் மாணவர் கை தூக்கியதைப் பார்த்து வகுப்பே தூக்கும். அதைவிட முக்கியமான காரணம், விளைவைப் பார்த்த பிறகு “நான் முதலிலேயே இப்படித்தான் நினைத்தேன்” என்று மனம் தானாகவே சொல்லிக்கொள்ளும். பொய் சொல்லும் எண்ணம் எதுவும் இல்லாமலேயே இது நடக்கிறது. மடித்துவைத்த தாள் மட்டுமே அதைத் தடுக்கும்.

இரண்டாவது கேள்விக்கு மாணவர்கள் முதலில் விடை எழுதாமல் விட்டுவிடுவார்கள், அல்லது “எதுவும் மாற்றாது” என்று எழுதுவார்கள். அப்போது 15 நிமிடம் ஒதுக்கி ஓர் எண் விளையாட்டை நடத்துங்கள். பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1960இல் வெளியிட்ட சோதனை இது. 2, 4, 6 என்ற மூன்று எண்களைக் கரும்பலகையில் எழுதி, “என் மனத்தில் ஒரு விதி இருக்கிறது, இந்த மூன்றும் அதற்குப் பொருந்துகின்றன, நீங்கள் வேறு மூன்று எண்களைச் சொன்னால் பொருந்துகிறதா இல்லையா என்று சொல்வேன், விதியைக் கண்டுபிடியுங்கள்” என்று கூறுங்கள். மாணவர்கள் 8, 10, 12 என்பார்கள், பொருந்துகிறது. 20, 22, 24 என்பார்கள், அதுவும் பொருந்துகிறது. “இரண்டிரண்டாகக் கூடுகிறது” என்று உறுதியாகச் சொல்வார்கள், அது விதியல்ல. விதி, ஒவ்வொரு எண்ணும் முந்தையதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே. 1, 2, 50 என்றோ 6, 4, 2 என்றோ, தங்கள் எண்ணத்தை உடைக்கக்கூடிய ஒரு தொகுதியைக் கேட்டிருந்தால் சீக்கிரமே கண்டுபிடித்திருப்பார்கள். இந்த விளையாட்டுக்குப் பிறகு தாளைத் திருப்பிக் கொடுங்கள். இரண்டாவது கேள்விக்கான விடை மாறியிருப்பதைக் காண்பீர்கள்.

5. சான்று எதைப் பற்றிப் பேசுகிறது என்று கேட்டல்

கையில் உள்ள சான்று உண்மையானதாகவே இருந்தாலும், நாம் கேட்ட கேள்விக்கு அது விடையளிக்காமல் இருக்கக்கூடும். புதிய ஆசிரியர்கள் இந்தப் படியைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். நம் மாவட்டங்களிலேயே இதற்கு வலுவான எடுத்துக்காட்டு இருக்கிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடிப் பாறைகளிலிருந்து புளோரைடு கரைந்து நீரில் சேர்வதால், பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் அது அதிகமாக இருக்கிறது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்படுகிறது. அளவு மிகுந்தால் குழந்தைகளின் பற்களில் வெண்மையான அல்லது பழுப்பு நிறக் கறை படியும். இதற்குத் தீர்வாகத்தான் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது.

இப்போது ஒரு மாணவர், “எங்கள் ஊரில் பத்தாம் வகுப்பு அண்ணன்களுக்குப் பல்லில் கறை இருக்கிறது, ஆகவே இன்று குழாயில் வரும் நீர் கெட்டது” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கறை உண்மை. ஆனால் நிரந்தர முன்பற்களின் எனாமல் பெரும்பாலும் முதல் ஐந்து வயதுக்குள் உருவாகி முடிகிறது. 15 வயது மாணவரின் முன்பல், அவர் மழலையாக இருந்தபோது குடித்த நீரைப் பற்றிப் பேசுகிறதே தவிர, இன்றைய நீரைப் பற்றிப் பேசவில்லை. இன்றைய நீரை அறிய இன்றைய நீரைத்தான் அளக்க வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அதை அளக்கலாம். மாதிரியைக் கண்ணாடிப் புட்டியில் எடுக்காமல் சுத்தமான பிளாஸ்டிக் புட்டியில் எடுக்க வேண்டும், ஏனென்றால் புளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. தொடக்க ஆண்டுகளில் ஒருமுறை, மாணவர்கள் ஒருவர் பல்லை ஒருவர் பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும் என்று நான் சொல்லிவிட்டேன். ஒரு மாணவி கையால் வாயை மூடிக்கொண்டாள். அந்த வாரம் முழுவதும் வகுப்பில் அவள் பேசவில்லை. அந்தத் தவறுக்கு இன்றும் வருந்துகிறேன். வகுப்பிலுள்ள குழந்தையின் உடலைச் சான்றாக்காதீர்கள். படத்தையோ, பெயரில்லாத எடுத்துக்காட்டையோ பயன்படுத்துங்கள்.

கைப்பேசியில் வரும் செய்திகளுக்கும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்: இதை முதலில் கண்ணால் பார்த்தவர் யார், எந்த ஊரில், எப்போது? யாருக்கும் தெரியவில்லை என்றால் செய்தி பொய் என்று ஆகாது. அது இன்னும் சான்றாகவில்லை என்று மட்டும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

6. சோதனையை நடத்துதல்

24 பழங்களுக்கும் எண் எழுதி, எந்த எண் எந்தத் தொகுதி என்ற பட்டியலை உறையிலிட்டு ஒட்டிவிடுங்கள். பட்டியலை அறிந்தவர் பழத்தைத் தொடக் கூடாது. ஒருவர் பழத்தை இட வேண்டும், மற்றொருவர் மிதந்ததா மூழ்கியதா என்று சொல்ல வேண்டும், மூன்றாமவர் எழுத வேண்டும். இதை மிகையான கட்டுப்பாடு என்று நினைத்த ஓர் ஆசிரியர் தாமே பழங்களை இட்டார். மூழ்கும் என்று அவர் எதிர்பார்த்த பழங்களை நீருக்குள் சற்று அழுத்தியே விட்டார், மற்றவற்றை மெதுவாக வைத்தார். அவருக்கு அது தெரியவே இல்லை. பின்வரிசை மாணவர்தான் கவனித்துச் சொன்னார்.

முடிவில் உறையைப் பிரித்தால், முன்னதாகப் பறித்த தொகுதியில் மிதக்கும் பழங்களை எதிர்பார்க்கலாம். விளையாத காய் நீரைவிட அடர்த்தி குறைந்தது. விளைந்த காய் நீரைவிடச் சற்றே அடர்த்தி கூடியது. மாங்காயின் விளைச்சலை அறியும் முறைகளில் ஒன்றே நீரில் இட்டுப் பார்ப்பதுதான். அப்படியென்றால் கைப்பேசிச் செய்தி முழுக்க வெறுங்கதையா என்று மாணவர்கள் கேட்பார்கள். அவசரப்பட்டு ஆம் என்று சொல்லிவிடாதீர்கள். விலை அதிகமாக இருக்கும் முன்பருவத்தில் விற்பதற்காக ஒருவர் விளையாத காயைப் பறித்துக் கல் வைத்தால், அந்தப் பழமும் மிதக்கக்கூடும். மிதக்கக் காரணம் கல் அல்ல, விளைச்சல் குறைவு. இரண்டும் ஒரே கூடையில் வருவதால் ஒன்றை மற்றொன்றின் அடையாளமாக மக்கள் எடுத்துக்கொண்டிருக்கலாம். இந்தப் பயிற்சியில் மாணவர்கள் அடையக்கூடிய நுட்பமான அறிதல் இதுதான்; ஆகவே மணி அடிப்பதற்கு 20 நிமிடம் முன்பே உறையைப் பிரித்துவிடுங்கள்.

கொதிக்க வைத்தால் புளோரைடு போய்விடும் என்ற கூற்றை எடுப்பவர்கள், ஒரே குடத்து நீரில் ஒரு லிட்டரை அப்படியே வைத்து, மற்றொரு லிட்டரை எவர்சில்வர் பாத்திரத்தில் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, இரண்டையும் பரிசோதனைக்கு அனுப்பலாம். நீர் ஆவியாகும், புளோரைடு ஆவியாகாது. ஆகவே காய்ச்சிய நீரில் அதன் செறிவு கூடும். கிருமிகளுக்காகக் காய்ச்சுவதை வீட்டில் நிறுத்திவிடக் கூடாது என்பதையும் அதே வேளையில் சொல்லிவிடுங்கள்.

7. தவறியவற்றையும் எண்ணுதல்

நோட்டில் நான்கு கட்டங்கள் வரையச் சொல்லுங்கள்: விளைந்தது மூழ்கியது, விளைந்தது மிதந்தது, விளையாதது மூழ்கியது, விளையாதது மிதந்தது. கூற்றுக்குப் பொருந்தும் கட்டங்களை மட்டும் நிரப்பிவிட்டு நிறுத்துவது மாணவர்களின் வழக்கம். நான்கும் நிரம்பாத நோட்டை ஏற்காதீர்கள்.

தேங்காய் வைத்துப் பார்த்த இடத்தில் தண்ணீர் வந்த கிணற்றைப் பற்றி ஊர் பேசும்; வறண்டுபோன துளையின் வாயைக் கல்லால் மூடிவிட்டு எல்லோரும் மறந்துவிடுவார்கள். மேலும், தேங்காய் வைக்காமல் துளையிட்ட இடங்களில் எத்தனையில் தண்ணீர் வந்தது என்று தெரியாதவரை, வைத்த இடங்களின் எண்ணிக்கை மட்டும் எதையும் சொல்லாது.

தற்செயல் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்குக் காசு சுண்டுதல் போதும். 35 பேரும் ஆளுக்கு 10 முறை சுண்டி, பூவா தலையா என்று முன்கூட்டியே எழுதட்டும். வெறும் தற்செயலில் 7 அல்லது அதற்கு மேல் சரியாக வருவதற்கு 1,024இல் 176 வாய்ப்புகள் உள்ளன. 35 பேரில் ஏறக்குறைய 6 பேருக்கு அது கிடைக்கும். அந்த 6 பேரையும் எழுந்து நிற்கச் சொன்னால் கைராசிக்காரர்கள் என்று வகுப்பு வியக்கும். அவர்களையே மீண்டும் 10 முறை சுண்டச் சொல்லுங்கள். பெரும்பாலோரின் கைராசி இரண்டாம் சுற்றில் நிற்காது.

8. முடிவை எழுதுதல், வீட்டில் சொல்லுதல்

“அறிவியல் நிரூபித்துவிட்டது” என்று எழுத விடாதீர்கள். “எங்கள் 24 பெங்களூரா பழங்களில் கல் வைக்காத இத்தனை பழங்கள் மிதந்தன, ஆகவே மிதப்பதை மட்டும் வைத்துக் கல் வைத்தது என்று சொல்ல முடியாது” என்பதே அவர்கள் உழைப்புக்கு உரிய முடிவு. வேறு ரகங்களைப் பற்றியோ கல்லின் தீங்கைப் பற்றியோ இந்தச் சோதனை எதுவும் சொல்லவில்லை என்ற வரியும் இருக்க வேண்டும். பிறகு பெட்டியைத் திறந்து மடித்த தாள்களைத் திருப்பிக் கொடுங்கள். முன்பு நினைத்தது சரியாக இருந்ததற்கு மதிப்பெண் தர வேண்டாம். எந்த விளைவு தன் எண்ணத்தை மாற்றும் என்று எழுதியிருந்தாரோ, அந்த விளைவு வந்தபோது மாற்றிக்கொண்டவருக்குத் தாருங்கள்.

அன்று மாலை அந்தக் குழந்தை வீட்டுக்குப் போய் “பாட்டி, நீங்க சொன்னது பொய்” என்று சொல்லிவிட்டால், மறுநாள் பெற்றோர் பள்ளிக்கு வருவார்கள். அந்தக் குழந்தையும் அடுத்த முறை வாய் திறக்காது. ஆகவே வீட்டில் எப்படிப் பேசுவது என்பதை வகுப்பிலேயே இருவர் இருவராகப் பழக்குங்கள். “பாட்டி, இதை நீங்க எங்க பார்த்தீங்க? நாங்க பள்ளிக்கூடத்துல இப்படிச் செஞ்சு பார்த்தோம், நீங்களும் ஒரு பழத்தைப் போட்டுப் பாக்குறீங்களா?” என்று கேட்கலாம். காயின் விளைச்சலைக் காம்படியிலுள்ள தோளின் புடைப்பைப் பார்த்தே சொல்லக்கூடிய பெரியவர்கள் நம் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். எங்கள் வகுப்பின் அடுத்த கூற்று, அப்படிப்பட்ட ஒரு தாத்தாவிடமிருந்தே வந்தது.

பெற்றோர் எவரேனும் இதெல்லாம் பாடத்தில் இருக்கிறதா என்று கேட்டால், அறிவியல் மனப்பான்மையையும் கேட்டறியும் உணர்வையும் வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசியலமைப்பின் 51ஏ பிரிவு சொல்வதைப் பொறுமையாக எடுத்துக் காட்டுங்கள். 1976இல் 42ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்டது அது.

9. அடுத்த ஆண்டுக்கு வைத்துச் செல்லுதல்

நோட்டுகளை ஆண்டிறுதியில் பழைய தாளோடு போட்டுவிடாதீர்கள். கூற்று, வைத்துக்கொண்ட எல்லைகள், நான்கு கட்டங்கள், முடிவு ஆகியவை அடங்கிய ஒரு நோட்டையாவது அலமாரியில் வையுங்கள். அடுத்த ஆண்டு மாணவர்கள் அதே முறையில் மறுபடியும் சோதிக்கட்டும். ஆனால் தங்கள் சோதனையை முடிக்கும்வரை பழைய நோட்டைப் பார்க்கக் கூடாது. விளைவுகள் மாறுபட்டால் எந்தப் பக்கம் சரி என்று நீங்கள் சொல்லிவிடாமல், இரண்டு நோட்டுகளையும் மேசைமேல் வைத்து, பறித்த நாளிலிருந்து தொடங்கி எந்தப் படியில் வேறுபாடு நேர்ந்தது என்று அவர்களையே தேடச் சொல்லுங்கள்.